ஈரக் கையும் ஐம்பது வெள்ளியும்

கிளேபாங் சாலையோரத்தில் வடைக்கடை போட்டிருக்கும் ஜெனட், சனிக்கிழமை காலை ஐம்பது மலேசிய வெள்ளி நோட்டு ஒன்றை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். தாளுக்குள் நிழலாகத் தெரிய வேண்டிய மாமன்னர் முகம் இல்லை. பாதுகாப்பு இழை வெறும் அச்சு. விரலால் தடவியும் எழுத்து தட்டுப்படவில்லை. முந்தின நாள் கூட்டத்தில் எவனோ தலையில் கட்டிவிட்டுப் போயிருக்கிறான், படுபாவி! நாள் முழுக்க அடுப்பில் வெந்து சம்பாதித்த காசு.

"ஒரு வெள்ளி, அஞ்சு வெள்ளின்னா பிளாஸ்டிக்கு. கண்ணாடி மாதிரி ஜன்னல் இருக்கு, பாத்ததும் தெரியும். இந்தக் காகித நோட்டுலதான் ஏமாந்துட்டேன்," என்று புலம்பினாள்.

கணவன் கிளைவ் வழி சொன்னான். "செர்காம்ல மீன் விக்கிற வேலாயிக்கா இருக்காங்கள்ல? கை எப்பவும் ஈரம். நோட்டைத் தடவிப் பாக்க மாட்டாங்க. அங்க தள்ளிடுலா!"

ஜெனட்டும் போனாள். அரைக் கிலோ கெம்போங், அதாவது கானாங்கெளுத்தி மீன் எடுத்தாள். வேலாயி செதில் சுரண்டிக்கொண்டே மேசையிலிருந்த பிஸ்கட் டப்பாவைத் தாடையால் காட்டினாள்.

"பத்து வெள்ளி, தங்கச்சி. நீயே போட்டுட்டு மிச்சத்த எடுத்துக்க." எல்லாரிடமும் அவள் அப்படித்தான்.

டப்பாவில் நோட்டுகள் பளிச்சென்று கிடந்தன. வேலாயி சிரித்தாள். "மீன் நாத்தம் போக தினமும் நோட்டையெல்லாம் தண்ணியில அலசிடுவேன். காகித நோட்டும் பஞ்சுல செஞ்சதுதான், லேசுல கிழியாது. போன மாசம் ஒரு அம்பது வெள்ளி மட்டும் கஞ்சியா கரைஞ்சிருச்சு, கள்ள நோட்டு. யாரோ தெரிஞ்ச ஆளுதான் போட்டிருக்காங்க. டப்பாவ எடுத்து உள்ள வைங்கிறான் என் மகன். எல்லாரையும் எப்படிலா சந்தேகப்படுறது?"

ஜெனட்டுக்கு முகம் சுட்டது. நோட்டோடு டப்பாவுக்கு நீட்டிய கையை இழுத்துக்கொண்டாள்.

"அக்கா, மீன் வேணாம். இது கள்ள நோட்டு. உங்க டப்பாவுல போடத்தான் வந்தேன்."

வேலாயியின் கத்தி நின்றது. "போடலல்ல? இப்ப என்ன செய்யப் போற?"

"போலீஸ் ஸ்டேசன்ல ஒப்படைச்சிடுறேன்."

"காசு திரும்ப வராதே?"

"வராது, தெரியும்," என்றாள் ஜெனட். "இத அடிச்சவன் எங்கயோ இருக்கான் அக்கா. ஆனா ஊர் பூரா நடக்க விடுறது, தெரிஞ்சே அடுத்தவங்க தலையில கட்டுற நாமதான். இது என் கையோட நிக்கட்டும்."