மாமா போன ஊர்

திருவனந்தபுரம் விமான நிலையத்துக்குப் போகவேண்டிய கார் வாசலில் இரண்டாவது முறை ஹாரன் அடித்தபோதும் அஸ்லமின் பாஸ்போர்ட்டைக் காணவில்லை. ரிஃப்கா அலமாரி, பெட்டி, மெத்தைக்கு அடி என்று வீட்டையே புரட்டிப் போட்டுவிட்டாள். இந்த விமானத்தை விட்டால் துபாயில் கணவனின் வேலை போய்விடும். ஆறு வயது மகள் அஃபீஃபா மட்டும் தேடாமல் அரிசி டிரம்மின் மேல் ஏறி உட்கார்ந்திருந்தாள்.

"கீழ எறங்குளா."

"மாட்டேன். மாமா போன ஊருக்கு வாப்பா போவாண்டாம். அங்கன போனவங்க திரும்பி வரமாட்டாங்க."

ரிஃப்கா தேடுவதை நிறுத்தினாள். அவள் அண்ணன் தமீம் ஆஸ்பத்திரியில் இறந்து நாற்பது நாள்தான் ஆகிறது. பிள்ளை பயந்துவிடும் என்று அக்கா சம்சுன்னிசாதான், "மாமா துபாய் போயிட்டாங்க" என்று சொல்லிவைத்தாள். வீட்டுக்கு ஒருவர் வளைகுடாவில் இருக்கும் காயல்பட்டினத்தில் இதைவிட வசதியான பொய் கிடைக்குமா? ரிஃப்காவும் ஆமாம் போட்டாள். ஆனால் பெரியவர்கள் ஆளுக்கொரு மூலையில் ஒளிந்து அழுததைப் பிள்ளை பார்த்துக்கொண்டுதானே இருந்தது.

இப்போதும் எதையாவது சொல்லிச் சமாளி என்று சம்சுன்னிசா கண்ணைக் காட்டினாள். ரிஃப்கா அந்தப் பக்கமே திரும்பவில்லை. மகளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"மாமா துபாய் போவலைம்மா. நாங்க பொய் சொல்லிட்டோம். மாமா மவுத்தாயிட்டாங்க. மையவாடியில அடக்கியிருக்கு. இனிமே வரமாட்டாங்க."

சொன்ன பிறகுதான் அவளுக்கே மூச்சு வந்தது.

"போன் பண்ணா?"

"எடுக்கமாட்டாங்க."

"அங்கன பசிக்காதா?"

"மவுத்தானா பசிக்காது, வலிக்காது. மாமாவோட இருமல்கூட நின்னுபோச்சு."

"வாப்பாவும் மவுத்தாவாங்களா?"

"எல்லாரும் ஒருநாள் மவுத்தாவோம்மா. ஆனா இன்னைக்கு வாப்பா வேலைக்குத்தான் போறாங்க. எறங்குனதும் உனக்குப் போன் வரும்."

அஃபீஃபா மாமாவுக்காக முதல்முறையாக அழுதாள். நன்றாக அழுதாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு இறங்கி, தானே மூடியைத் திறந்து அரிசிக்குள் கையை விட்டு பாஸ்போர்ட்டை எடுத்து வாப்பாவிடம் நீட்டினாள். ரிஃப்காவுக்கு ஜெயித்துவிட்டோம் என்றிருந்தது. நாற்பது நாளில் அன்றுதான் நிமிர்ந்து நின்றாள்.

கார் தெருமுனை திரும்பியதும் சம்சுன்னிசா முந்தானையால் அவசரமாகக் கண்ணைத் துடைத்தாள். அஃபீஃபா அதைக் கவனித்துவிட்டாள்.

"வாப்பா வேலைக்குத்தான் போறாங்க, மூத்தம்மா. மாமாவுக்குன்னா அழுங்க."

சம்சுன்னிசா வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். தெரு பார்க்க, வாய்விட்டு, தம்பியின் பேரைச் சொல்லிச் சொல்லி அழுதாள். அஃபீஃபா பக்கத்தில் உட்கார்ந்து அவள் முதுகைத் தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தாள்.