பன்னிரண்டாவது சாடி

பிரேமிளா விட்டுப்போன பன்னிரண்டு பூச்சாடிகளில் பதினொன்றைக் கிருபன் மூன்று மாதத்தில் கொன்றுவிட்டான். தண்ணீர் விட்டே கொன்றான்.

எல்லாம் கற்றாழை இனம். பூங்கன்று விற்கிறவர்கள் அகேவ் என்பார்கள். நெடுங்கேணிப் பக்கம் வேலியோரம் காவல் நிற்கும் ஆனைக்கற்றாழை இருக்கிறதே, அதற்குச் சின்ன, வடிவான சொந்தக்காரர். ஒன்று சாம்பல் பூத்த நீலம். ஒன்று உருண்டையாக, நுனியில் கறுத்த முள்ளோடு. ஒன்றுக்கு இலையின் இரண்டு பக்கமும் சேலைக்குக் கரை போட்டது மாதிரி மஞ்சள் ஓரம். கிரவலிலும் செங்கல் துண்டிலும் வளர்கிற சாதி. பத்து நாள் மறந்துவிட்டாலும் ஒன்றும் ஆகாது. சாகடிப்பதற்குச் சுலபமான வழி ஒன்றே ஒன்றுதான். அதைக் கிருபன் காலையும் மாலையும் தவறாமல் செய்தான்.

பக்கத்து வளவில் இருந்த பிரேமிளாவின் தங்கை அனோஜா சொல்லிப் பார்த்தாள்.

"அத்தான், அதுகளுக்கு இவ்வளவு தண்ணி ஆகாது. அக்கா பதினைஞ்சு நாளைக்கு ஒருக்காத்தான் விடுறவ."

"ஓம்" என்றான். அடுத்த நாள் விடியவும் வாளியோடு நின்றான்.

சொல்வழி கேளாதவன் என்று நினைக்க வேண்டாம். நல்லாய்க் கேட்கிற மனுசன்தான். சித்திரையில் அவள் போன பிறகு யார் சொன்னதும் காதோடு நின்றது, உள்ளே இறங்கவில்லை. சோறு போட்டால் சாப்பிட்டான். உப்பில்லாவிட்டாலும் சாப்பிட்டான். செத்த வீட்டில் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. "ஒருக்கா அழு தம்பி, அழுதாத்தான் பாரம் இறங்கும்" என்று வந்தவர்கள் எல்லாம் முதுகைத் தடவிச் சொன்னார்கள். அவன் அதற்கும் ஓம் என்றான். முப்பத்தோராம் நாள் சடங்கு முடிந்த மறுநாள் வேலைக்குப் போனான்.

வேலை, பிரதேச சபையின் தண்ணீர் பவுசர் ஓட்டுவது. கிணறு வற்றுகிற காலத்தில் ஒரு நடைக்கு ஆறாயிரம் லீற்றர் கொண்டுபோய் ஊர் ஊராகக் கொடுப்பான். பவுசரைக் கண்டால் சனம் வாளியும் குடமுமாக ஓடிவரும். ஊருக்கெல்லாம் அப்படி அள்ளிக் கொடுத்த மனுசன், வீட்டில் பெண்சாதிக்கு யோகட் கப்பால் அளந்து கொடுத்தான். மூன்று வருடம் அளந்தான்.

பிரேமிளாவுக்குச் சிறுநீரகம் இரண்டும் பழுது. செவ்வாயும் வெள்ளியும் வவுனியா ஆசுப்பத்திரியில் மெசினில் போட்டு இரத்தம் சுத்தம் செய்வார்கள். குடித்த தண்ணீர் வெளியே போக வழியில்லை, உடம்பிலேயே நிற்கும், கூடினால் நெஞ்சில் கட்டும் என்று டொக்டர் சொல்லிவிட்டார். ஒரு நாளைக்கு அரை லீற்றர், அதற்குமேல் வேண்டாம். கிருபன் ஒரு யோகட் கப்பைக் கழுவி, பேனையால் கோடு போட்டான். அந்தக் கோடு வரை ஆறு தரம். ஆறாவது கப்பைக் கொடுத்ததும் "இண்டைக்கு முடிஞ்சுது, பிரேமி" என்பான். கோபப்படாமல் சொல்லுவான், கெஞ்சினாலும் அதையேதான் சொல்லுவான்.

அவள் கற்றாழை வளர்க்கத் தொடங்கியது அந்த நாட்களில்தான். குடம் தூக்கித் தண்ணீர் விட அவளால் ஏலாது, இந்தக் கன்றுகள் கேட்கவும் மாட்டா. "எனக்கும் உங்களுக்கும் ஒரே டொக்டர்தான்" என்று சாடிகளோடு பகிடி விடுவாள்.

சித்திரை வெயிலில் ஒரு திங்கட்கிழமை பின்நேரம் ஆறு கப்பும் முடிந்த பிறகு, அவள் இன்னும் ஒரு வாய் கேட்டாள். அவன் வழக்கமான பதிலைச் சொன்னான். செவ்வாய் விடிய, மெசினுக்குப் போக உடுப்பு மாற்றிக்கொண்டிருந்தவள் கட்டிலில் சரிந்தாள். இதயம் நின்றுவிட்டது, தண்ணீருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று டொக்டர் சொன்னார். அதுவும் காதோடு நின்றது.

பிள்ளை இல்லாதபடியால் சுடலையில் கொள்ளிக்குடத்தை அவனே தோளில் சுமந்தான். மூன்று சுற்று. ஒவ்வொரு சுற்றுக்கும் பின்னால் வந்தவர் குடத்தில் கத்தியால் ஒரு துளை போட, தண்ணீர் பீறிட்டு அவன் முதுகை நனைத்துக்கொண்டு நிலத்தில் ஓடியது. ஒரு குடம் தண்ணீர் முழுவதும் ஓடியது. அன்றைக்கு அவன் மனதில் கணக்கு மட்டும்தான் ஓடியது. இதில் எத்தனை கப் இருக்கும் என்று நினைத்துக்கொண்டே சுற்றி வந்தான். வீட்டுக்கு வந்து முழுகிவிட்டு, நேரே சாடிகளிடம் போய் முதல் வாளியை ஊற்றினான்.

அன்று தொடங்கியது. நீலம் முதலில் போனது. அடியிலை பழுத்து, தொட்டால் விரல் உள்ளே போகிற அளவுக்கு இளகி, நாற்றம் எடுத்தது. பிறகு உருண்டை. பிறகு ஒவ்வொன்றாக. கடைசியாக மிஞ்சியது கரை போட்டது மட்டும். அதுவும் ஒரு பக்கமாகச் சாயத் தொடங்கிவிட்டது.

ஆடி மாதம் நடுப்பகுதியில் ஒரு நாள் தொலைபேசி அடித்தது. தண்ணீரூற்று ஊர்க்காரி ஸாஜிதா. ஆசுப்பத்திரியில் பிரேமிளாவுக்கு அடுத்த கட்டிலில் மெசினில் கிடக்கிறவள். நான்கு நான்கு மணித்தியாலமாக, மூன்று வருடம், இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக் கதைத்துக் கிடந்தவர்கள்.

"அண்ணா, பிரேமிளாக்கா கரை போட்ட கற்றாழையில ஒரு குட்டிக் கன்று தாறன் எண்டு சொன்னவ. கேக்க வெக்கமாத்தான் இருக்கு. ஆனா அவட கையால வச்ச ஒண்டு எனக்கு வேணும். ஞாயிற்றுக்கிழமை வரட்டா?"

"வாங்கோ தங்கச்சி" என்றான். போனை வைத்துவிட்டுப் போய்ச் சாடியைப் பார்த்தான். அவள் வாக்குக் கொடுத்திருக்கிறாள். கொடுப்பதற்கு இருப்பது இந்த ஒன்றுதான். பயத்தில் அன்றைக்கு இன்னும் ஒரு வாளி கூட ஊற்றினான்.

ஞாயிறு பத்து மணிக்கு ஸாஜிதா பஸ்ஸால் இறங்கி வந்தாள். நாற்பது வயது இருக்கும். முகம் கறுத்து, இடது கையில் மெசின் ஊசி போட்டுப் போட்டு நரம்பு கயிறாய்ப் புடைத்திருந்தது. விறாந்தையில் கதிரையைப் போட்டு இருக்கச் சொன்னான். அவள் கண் வரிசையாக இருந்த சாடிகளில் போனது. பதினொன்றில் கறுத்த கூழ். அவள் முக்காட்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

வந்த ஆளுக்குத் தண்ணீர் கொடுக்க வேண்டுமே. கிருபன் குசினிக்குள் போனான். அலுமாரியில் கண்ணாடித் தம்ளர்கள் ஆறு அடுக்கியிருந்தன. அவன் கை அவற்றுக்குப் போகவில்லை. யன்னல் ஓரம் கிடந்த யோகட் கப்பை எடுத்து, கோடு வரை நிரப்பி, கொண்டுவந்து நீட்டினான். நீட்டிய பிறகுதான் எதை நீட்டியிருக்கிறோம் என்று கண்டான். அனோஜா பார்த்திருந்தால் வெட்கத்தில் செத்திருப்பாள்.

ஸாஜிதா கப்பை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். சிரித்துவிட்டாள்.

"இதுதானா அந்தக் கோடு?"

"அவ சொன்னவவோ?"

"சொல்லாத நாளில்ல. என்ர மனுசன் கோட்டுக்கு மேல ஒரு துளி விடான், கல்நெஞ்சன் எண்டு ஆசுப்பத்திரி வாட்டு முழுக்கக் கேக்கச் சொல்லுவா. ஏசுற மாதிரி இருக்கும், பாத்தா பெருமையடிக்கிறா." அவள் ஒரு மிடறு குடித்தாள். "எங்கட ஆள் அப்படியில்ல. நான் அழுதா அவருக்குத் தாங்காது, ஊத்திக் குடுத்திருவார். அதால ரெண்டு தரம் நெஞ்சில தண்ணி கட்டி, மூச்செடுக்க ஏலாமக் கிடந்தன். பிரேமிளாக்கா அவரைக் கூப்பிட்டு வச்சு ஏசினவ. ஒரு கப்பில கோடு போடத் தெரியாதோ எண்டு கேட்டவ."

கிருபன் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"கடைசியாவும் கேட்டவ" என்றான். "முதல் நாள் பின்னேரம். ஒரு வாய். நான் குடுக்கேல்ல."

மூன்று மாதத்தில் யாரிடமும் சொல்லாதது. சொல்லும்போதும் குரல் ஏறவில்லை, இறங்கவில்லை. பஸ் நேரம் சொல்கிறவனைப்போலச் சொன்னான்.

ஸாஜிதா கப்பைக் கீழே வைத்தாள். பிறகு சாடிகளைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். அவளுக்கு விளங்கிவிட்டது.

"நானும் ஒவ்வொரு நாளும் கேக்கிறனான் அண்ணா. தந்தாலும் கேப்பன், தராட்டியும் கேப்பன். அந்தத் தாகம் அப்பிடி. அதுக்காக ஆரையும் மனசுக்குள்ள வச்சிருக்கிறதில்ல. அவவும் வச்சிருக்கமாட்டா." அவள் எழுந்தாள். "அந்தச் சாடியைக் கவிழ்த்துக் கொட்டுங்கோ, பாப்பம்."

ஊசி போடுகிற கையால் அவள் பாரம் தூக்கக்கூடாது. அவள் சொல்ல அவன் செய்தான். கற்றாழைப் பால் பட்டால் தோல் கடிக்கும் என்று கையில் பொலித்தீன் பை கட்டச் சொன்னாள். எல்லாம் பிரேமிளா மெசினில் கிடந்தபடி சொல்லிக் கொடுத்த பாடம். மண் சேறாக விழுந்தது. தாய்க்கன்றின் அடி அழுகி, குருத்தைப் பிடித்து இழுக்க அப்படியே கையோடு வந்தது. கிருபன் குருத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"அங்க, கீழ, பக்கத்தில பாருங்கோ."

ஒரு குட்டி. உள்ளங்கை அளவு. நாலு இலை, மஞ்சள் ஓரத்தோடு. வேர்கள் கறுத்திருந்தன, தண்டு மட்டும் கெட்டி. குசினிக் கத்தியைக் கழுவி, அழுகல் தெரிகிற இடமெல்லாம் வெள்ளைச் சதை வருமட்டும் சீவச் சொன்னாள். வேர் என்று ஒன்றும் மிஞ்சவில்லை.

"இனி ஒரு சாக்கில நிழலுக்குப் போட்டு விடுங்கோ. பத்து நாள். மண்ணும் வேண்டாம், தண்ணியும் வேண்டாம். வெட்டின வாய் காயவேணும்."

"பத்து நாளோ? ஒண்டும் குடுக்காமலோ?"

"ஒரு சொட்டும் குடுக்காம. இலை வாடும், சுருங்கும். பாக்க உங்களுக்கு ஏலாமத்தான் இருக்கும்."

அவன் பழைய பேப்பரில் குட்டியைச் சுற்றி அவளிடம் நீட்டினான். அவள் வாங்கவில்லை.

"நான் கொண்டுபோனா எங்கட ஆள் பாவம் பாத்து ஊத்திருவார். இஞ்சயே கிடக்கட்டும். கோடு தெரிஞ்ச ஆள் நீங்கதான். வேர் விட்டாப் பிறகு வந்து எடுக்கிறன். நான் வர ஏலாமப் போனா நீங்க கொண்டுவந்து தாங்கோ."

வர ஏலாமல் போவது என்றால் என்னவென்று இரண்டு பேருக்கும் தெரியும். கப்பில் மிச்சமிருந்த தண்ணீரைக் குடித்து முடித்துவிட்டு ஸாஜிதா பன்னிரண்டு மணி பஸ்ஸைப் பிடித்தாள்.

முதல் இரண்டு நாள் பிரச்சினையில்லை. மூன்றாம் நாள் இலையின் ஓரம் மடங்கியது. நாலாம் நாள் அவன் பவுசரை நிறுத்திவிட்டு மத்தியானமே வந்து பார்த்துவிட்டுப் போனான். ஐந்தாம் நாள் சோளகக் காற்று புழுதியை வாரி அடித்தது. அன்றைக்கு ஒட்டுசுட்டான் பக்கம் நாலு நடை தண்ணீர் கொடுத்திருந்தான். ஒரு குடம் கூடக் கேட்ட கிழவிக்கு இரண்டு குடம் கூட விட்டான். வீட்டுக்கு வர வெயில் சரிந்திருந்தது.

குட்டி சாக்கில் கிடந்தது. நாலு இலையும் சுருக்கம் விழுந்து, மஞ்சள் ஓரம் மங்கி, வாய் காய்ந்த பிள்ளையைப்போல இருந்தது. கிருபன் குசினிக்குள் போனான். யோகட் கப்பைக் கோடு வரை நிரப்பினான். வெளியே வந்து சாக்குக்குப் பக்கத்தில் குந்தினான். ஒரு சொட்டு விட்டால் என்ன? கை சரிந்தது. தண்ணீர் விளிம்புக்கு வந்துவிட்டது.

அவன் கையை நிமிர்த்தினான்.

"இண்டைக்கு முடிஞ்சுது, பிரேமி."

அந்தச் சொல் அவன் வாயில் வந்து மூன்று மாதம். சொன்ன அதே மூச்சில் அவனுக்கு அழுகை வந்தது. பக்கத்து வளவில் இருந்து அனோஜா ஓடிவருகிற அளவுக்குச் சத்தம் போட்டு அழுதான். அவள் வந்து என்ன அத்தான், என்ன அத்தான் என்று கேட்டுக்கொண்டு நின்றாள். அவனால் சொல்ல முடியவில்லை. அழுது அழுது தொண்டை வறண்டுபோனதும் கையில் இருந்த கப்பைத் தூக்கி, கோடு வரை இருந்த அந்தத் தண்ணீரைத் தானே குடித்தான்.