ஏறினால் நூற்றைந்து, இறங்கினால் எழுபத்திரண்டு

மார்ச் பத்தாம் தேதி, திங்கட்கிழமை, காலை ஆறு மணி பத்து நிமிடத்துக்கு, காற்றில்லாத மெல்லிய தூறலின்போது, நான்கு மாடிக் குடியிருப்பு ஒன்றின் படிக்கட்டில் ஒரு படி கூடியது. முந்தைய நாள்வரை அங்கே எழுபத்திரண்டு படிகள் இருந்தன. அன்று ஏறியவர்களுக்கு எழுபத்து மூன்று. இறங்கியவர்களுக்கு வழக்கம்போல எழுபத்திரண்டு. கட்டடத்தின் உயரம் ஒரு விரற்கடையும் மாறவில்லை. இதைக் கண்டறிந்தவர் நான்காம் மாடியில் குடியிருந்த எடையளவு ஆய்வாளர். கடைகளின் தராசுகளைச் சோதித்து முத்திரை வைப்பது அந்த அம்மாளின் உத்தியோகம். இருபத்தெட்டு ஆண்டுப் பணியில் அவர் எண்ணிக்கை பிசகியதாகப் பதிவு இல்லை. எனவே அவர் முதலில் தம்மைச் சந்தேகித்தார், அடுத்துத் தம்முடைய எஃகு அளவு நாடாவை. நாடா தலைமை அலுவலகத்துக்கு அனுப்பப்பட்டு, பிழையற்றது என்ற சான்றுடன் வியாழக்கிழமை திரும்பி வந்தது. அதற்குள் படிகள் எழுபத்தாறாகியிருந்தன.

அவர் அந்தப் படிக்கட்டில் ஏற நேர்ந்ததற்குக் காரணம் அவருடைய கணவர். கணவர் லிப்ட் மெக்கானிக். முப்பத்தொரு ஆண்டுகளில் நாற்பத்தொரு கட்டடங்களில் லிப்ட் பொருத்தி, ஓட்டிக் காட்டி, சான்றிதழில் கையெழுத்திட்டவர். லிப்ட்காரர் என்றே ஊர் அவரை அழைத்தது. இந்தக் குடியிருப்பின் லிப்டும் அவர் கைவேலைதான். குடிவந்த பத்தொன்பது ஆண்டுகளில் இங்குள்ள படிகளில் அவர் கால் வைத்ததில்லை. படியேறுவதைத் தம் தொழிலுக்குத் தாமே இழைக்கும் அவமரியாதையாக அவர் கருதினார். மார்ச் எட்டாம் தேதி, சனிக்கிழமை, அவருடைய வலது நுரையீரலின் கீழ்ப்பகுதியில் கோலிக்குண்டு அளவில் இருந்தது புற்றுநோய்க் கட்டி என்று அறுவை மருத்துவர் தெரிவித்தார். அந்தப் பகுதியை வெட்டி எடுத்துவிடலாம். ஆனால் மீதமிருக்கும் நுரையீரல், முப்பது ஆண்டுகள் லிப்ட் அறைகளில் நின்று புகைத்த நுரையீரல். கட்டி நிதானமாக வளரும் வகை என்பதால் ஐந்து வாரம் அவகாசம் இருந்தது. அதற்குள் உடம்பையும் மனத்தையும் தயார்செய்துகொண்டு வரவேண்டும் என்று மருத்துவர் அம்மாள் சொல்லி, என்னென்ன செய்ய வேண்டும் என்பதை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். சிகரெட் அறவே கூடாது. காலையில் இரண்டு முட்டை, பிறகு பருப்பு, பால். மூன்று பந்துகள் கொண்ட பிளாஸ்டிக் கருவியில் மணிக்கொரு முறை மூச்சை இழுத்துப் பந்துகளை உயர்த்த வேண்டும். தினமும் மூச்சு வாங்கும்வரை படியேறி, அதற்குமேல் இன்னும் கொஞ்சம் ஏற வேண்டும். ஐந்தாவது வாரச் சனிக்கிழமையன்று மருத்துவமனையின் அறுபத்தாறு படிகளையும் நிற்காமல் ஏறிக் காட்டினால் அறுவை. இல்லாவிட்டால் வேறு வழி யோசிக்க வேண்டும், அந்த வேறு வழி அவ்வளவு நல்ல வழியில்லை. கூடவே ஒப்புதல் படிவம் ஒன்றும் தரப்பட்டது, சாவகாசமாகப் படித்துக் கையெழுத்திட்டுக் கொண்டுவருவதற்காக.

இந்த ஏற்பாட்டைக் கட்டடமும் கேட்டிருக்க வேண்டும். கொஞ்சம் கூடுதலாக ஏறச் சொன்ன மருத்துவரின் வார்த்தையை அது நாளொன்றுக்கு ஒரு படி என்று எடுத்துக்கொண்டது. குடியிருப்போர் கூட்டம் ஒன்று கூடி, பெரும்பாலோர் லிப்டில் போவதால் விவாதிக்க ஏதுமில்லை என்று கலைந்தது. பெருக்கும் அம்மாள் மேலிருந்து கீழாகவே பெருக்குபவர் என்பதால் அவருக்கு வேலை கூடவில்லை. இன்றும் அங்கே புதிதாகக் குடிவருவோரிடம் வீட்டு உரிமையாளர்கள் தண்ணீர் வரும் நேரத்தைச் சொல்லும்போதே இதையும் சொல்லிவிடுகிறார்கள்: ஏற நூற்றைந்து, இறங்க எழுபத்திரண்டு.

இரண்டாம் மாடியில் குடியிருந்த மைத்துனர், ஆய்வாளரின் தம்பி, மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர், தினமும் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து இந்தப் பயிற்சியைப் பார்வையிட்டார். "மாமா, லிப்ட் நல்லாத்தான் இருக்கு. யார் போட்டதுன்னு தெரியல, நல்ல வேலைக்காரன்" என்று முதல் நாள் சொன்னார். லிப்ட்காரருக்குப் பதில் சொல்ல மூச்சில்லை. மூன்றாம் நாள் அந்தக் கருவியை மைத்துனர் தாமே வாங்கி இழுத்துப் பார்த்தார். ஒரு பந்து மட்டும் சோம்பலாக எழுந்து உட்கார்ந்துவிட்டது. அதன்பின் அவருடைய கிண்டல் குறைந்தது. சட்டைப்பையிலிருந்த சிகரெட் பெட்டியும் காணாமற்போனது.

புதிய படிகள் கட்டடத்தின் சாம்பல் நிறச் சிமெண்டில் அமையவில்லை. ஒன்று சிவப்பு, ஒன்று வெள்ளை மொசைக், ஒன்று நடுவில் தேய்ந்து குழிந்த மரப்பலகை. ஒன்பதாம் நாள் லிப்ட்காரர் சிவப்புப் படியின் மேல் நின்று, இது பெரிய தபால் நிலையத்தின் படி என்று அடையாளம் சொன்னார். அங்கே லிப்ட் வருவதற்கு முன்பு முழங்கால் வீங்கிய ஒரு குமாஸ்தா, தினமும் அந்தப் படியில்தான் நின்று இளைப்பாறுவாராம். மைத்துனர் கடையைச் சாத்திவிட்டுத் தபால் நிலையத்துக்குப் போய் எண்ணினார். இறங்குகையில் இருந்ததைவிட ஏறுகையில் ஒரு படி குறைந்தது. லிப்ட் வந்த நாளிலிருந்து அங்கே யாரும் ஏறாததால் யாரும் கவனிக்கவில்லை. அவர் மொத்தம் ஆறு கட்டடங்களில் சரிபார்த்தார். ஆறிலும் ஒவ்வொன்று குறைந்தது. லிப்ட்காரர் ஓய்வளித்த படிகள் ஒவ்வொன்றாக அவருக்கு உதவ வந்துகொண்டிருந்தன. அக்காவிடம் இதைச் சொல்லும்போது மைத்துனர் தம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி இருமுறை துடைத்தார், தூசி என்றார்.

உடம்பு பழகியது. மூன்றாம் வாரத்தில் இரண்டு பந்துகள் எழுந்தன, முகத்தில் சதை பிடித்தது. படிவம் மட்டும் குளிர்சாதனப் பெட்டியின் மேல், கழித்துப் போட்ட ஒரு கிலோ எடைக்கல்லுக்கு அடியில் அப்படியே கிடந்தது. மனைவி கேட்கவில்லை. கையெழுத்து இல்லாவிட்டால் அத்தனை படியும் வீண் என்பது இருவருக்கும் தெரியும். மார்ச் இருபத்தேழு, வியாழக்கிழமை, மொத்தப் படிகள் தொண்ணூறு. அவர் அறுபத்தோராவது படியில் நின்றார். மூச்சு வாங்கியதால் அல்ல. உட்கார்ந்தார். மனைவியும் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"மணல் மூட்டை ஏத்தி, மெயினை ஆஃப் பண்ணி, நானே உள்ள நின்னு பார்க்காம ஒரு லிப்டுக்கும் கையெழுத்துப் போட்டதில்ல. இதை எதை வச்சு சோதிக்கிறது? என்னை மயக்கி வேற போடுவாங்க."

எல்லாம் நல்லபடியாக நடக்கும் என்று வேறொருவர் சொல்லியிருப்பார். சோதிக்காத ஒன்றைச் சொல்லும் பழக்கம் அவர் மனைவிக்கும் இல்லை.

"நீயா இருந்தா முத்திரை வைப்பியா?" என்று அவர் கேட்டார்.

தராசின் முள் நிலைக்கு வர ஆகும் நேரம் அந்த அம்மாள் யோசித்தார். "தராசா இருந்தா வைக்க மாட்டேன், முள்ளு ஆடுது. ஆனா நீங்க தராசு இல்லையே. எனக்கு நீங்க துல்லியமா வேணாம். வீட்ல இருந்தா போதும்."

"இதை எழுத்து மூலமா தருவீங்களா, மேடம்?"

"எழுந்திரிங்க. இன்னும் இருபத்தொன்பது இருக்கு."

ஏப்ரல் பன்னிரண்டாம் தேதி, சனிக்கிழமை, மருத்துவமனையில் அவர் விரலில் ஒரு கருவியை மாட்டிக்கொண்டு ஏறினார். இயன்முறைப் பயிற்சியாளர் எண்ணிக்கொண்டே பின்னால் வந்தார். அறுவை மருத்துவர் மேலே காத்திருந்தார். லிப்ட்காரர் ஓரிடத்திலும் நிற்காமல் மேலே வந்து சேர்ந்து, நலமா என்று மருத்துவரையே விசாரித்தார். ஆனால் பயிற்சியாளரின் எண்ணிக்கை அறுபத்தைந்து. மருத்துவர் பதினோரு ஆண்டுகளாக ஏறிவரும் படிக்கட்டு அது, அறுபத்தாறுதான் என்றார். பயிற்சியாளர் இறங்கினார், அறுபத்தாறு, ஏறினார், அறுபத்தைந்து. விட்டிருந்தால் அத்துடன் விட்டுப்போயிருக்கும். ஆனால் அளவு குறைந்ததற்காக எத்தனையோ கடைக்காரர்கள்மீது நடவடிக்கை எடுத்த ஆய்வாளரால் பேசாமல் இருக்க முடியவில்லை. இந்த மருத்துவமனைக்கும் லிப்ட் பொருத்தியவர் தம் கணவரே என்றும், விடுபட்ட படி ஏப்ரல் மூன்றாம் தேதியிலிருந்து தங்கள் வீட்டில் இருக்கிறது என்றும், கறுப்புக் கல், ஓரத்தில் மஞ்சள் கோடு என்றும் அவர் தெரிவித்தார். கணவர், கள்ள எடைக்கல்லோடு பிடிபட்ட வியாபாரியைப் போல அவரைப் பார்த்தார்.

"அந்தப் படியில சார் ஏறினாரா?" என்று மருத்துவர் கேட்டார்.

"ஒன்பது தடவை. ஒரு தடவைகூட நிக்கல."

மருத்துவர் நோயாளியின் குறிப்பேட்டில் எழுதினார்: 'அறுபத்தைந்து படிகள், நிற்காமல். ஒரு படி முன்னதாக வீட்டில் ஏறப்பட்டது. தகுதியுண்டு.' ஆய்வாளர் அதன் கீழ்ச் சாட்சியாகத் தம் பெயரை எழுதினார்.

பிறகு மருத்துவரின் அறையில் லிப்ட்காரர் படிவத்தை மேசைமேல் விரித்து, தாம் ஆய்வுக்குப் போகுமிடங்களில் கேட்கும் கேள்விகளை வரிசையாகக் கேட்டார். கரண்ட் போனால் என்ன ஆகும், மூச்சுவிடும் இயந்திரத்தை யார் பார்த்துக்கொண்டிருப்பார், அவர் கழிவறைக்குப் போனால் யார், ஏதாவது அறுந்தால் எது தாங்கும். மருத்துவர் கைக்கடிகாரத்தைப் பார்க்காமல் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். கடைசியில், நூறு பேருக்குச் செய்தால் இரண்டு பேர் வீடு திரும்புவதில்லை என்பதையும் மறைக்காமல் சொன்னார்.

"என் லிப்டுக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது, டாக்டர்."

"லிப்டை நிறுத்திப் போட்டு ரிப்பேர் பண்றீங்க, சார். உங்களை நான் ஓடவிட்டே பண்ணணும்."

லிப்ட்காரர் மருத்துவரின் கைகளைப் பார்த்தார். தொழில் தெரிந்த ஒருவர் இன்னொருவரைப் பார்க்கும் பார்வை அது. பிறகு பேனாவைத் திறந்து கையெழுத்திட்டார். லிப்ட் சான்றிதழ்கள் ஓராண்டுக்கே செல்லும் என்பதால், கை பழகிய பழக்கத்தில், கையெழுத்தின் கீழே அடுத்த ஆய்வு என்று எழுதி, அடுத்த ஆண்டு ஏப்ரல் பன்னிரண்டு என்று தேதியும் இட்டார். ஒப்புதல் படிவத்தில் அப்படியொரு பத்தியே இல்லை. மனைவி எட்டிப் பார்த்தார்.

"அன்னிக்கு ஞாயித்துக்கிழமைங்க. டாக்டர் இருக்க மாட்டாங்க."

லிப்ட்காரர் பன்னிரண்டை ஒரே கோட்டில் அடித்து, பதின்மூன்று என்று திருத்தி, திருத்தத்தின் பக்கத்தில் முறைப்படி சுருக்கொப்பமும் இட்டு, மை காயும்வரை காத்திருந்து, படிவத்தை மருத்துவரிடம் கொடுத்தார்.