பெர்பெத்துவா டீச்சர் குடித்த குரல்கள்

லிபாஸ் ஊர்த் தொடக்கப் பள்ளியின் நாலாம் வகுப்பு டீச்சர் பெர்பெத்துவா குமபாவ், ஜூலை மாதத்துத் திங்கட்கிழமை ஒன்றில், கணக்குப் பாடத்தை விளையாட்டு ஆசிரியர் திமானோவின் குரலில் நடத்தினார். பிள்ளைகள் ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு வகுத்தலைத் தொடர்ந்தார்கள். சந்தையில் அன்று மீன் விலைகூட ஏறவில்லை.

டீச்சரின் சொந்தக் குரல் அதற்கு முந்தைய வாரமே தீர்ந்துபோயிருந்தது. தகரக் கூரை, கூரைமேல் மழை, கூரைக்குக் கீழே பெஞ்சுக்கு நாலு பேராக நெருக்கியடித்த பிள்ளைகள். இத்தனையையும் தாண்டி வருஷக்கணக்காகக் கத்தியதில் ஒன்பதாம் வாய்ப்பாட்டின் நடுவே கடைசிச் சொட்டும் போய்விட்டது. சுகாதார நிலையத்து மருத்துவர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, உள்ளே ஒன்றுமே இல்லை என்றார். உண்மையாகவே ஒன்றுமில்லை. மாதக் கடைசியில் கல்வி அதிகாரி எஸ்கோதா வருகிறார், பேச முடியாதவரைத் தகுதியற்றவர் என்று எழுதி வீட்டுக்கு அனுப்பிவிடுவார் என்பது எல்லோருக்கும் தெரியும். வகுப்பறை போனால் பெர்பெத்துவாவுக்கு வேறு போக்கிடமும் இல்லை. ஒருவரோடும் ஒட்டாத மனுஷி.

ஒட்டாதவர் என்பது சும்மா சொன்னதல்ல. ஊர் ஆசிரியர்கள் எல்லோரும் சங்கத்தில் இருக்க, இவர் ஒருவர் மட்டும் சேரவில்லை. வெள்ளிக்கிழமை மாலைகளில் தலைவி லொய்தா கட்டபாங் வீட்டில் பன்சித் நூடுல்ஸைத் தின்றுவிட்டு, கரோக்கி மெஷினில் பாட்டுப் பாடிவிட்டு, அதற்குக் கூட்டம் என்று பெயர் வைத்துக்கொள்கிறார்கள் என்று ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தார். அதில் பொய்யும் அதிகமில்லை. ஆகவே குரல் போன அந்த வாரக் கூட்டத்தில் அவர் பேச்சு வந்தபோது திமானோ சார் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"நம்மள 'பன்சித் சங்கம்'னு கேலி பண்ணினவங்கதானே மேம்? அந்த வாய் மூடினதுல ஊருக்கே நிம்மதி. விட்டுத்தள்ளுங்க."

"அட, நாளைக்கு நம்மளத் திட்டறதுக்காவது அவளுக்கு ஒரு குரல் வேணாமா?" என்றார் லொய்தா. இவர் குரல் தேவாலயச் சதுக்கத்தைத் தாண்டிக் கேட்கும். "அதிகாரி வந்தா ஜன்னல் திரைய மாத்திக்கிறோம், ஃபேன மாத்திக்கிறோம். தொண்டைய மட்டும் எதுக்குப் பூட்டி வெச்சுக்கணும்?"

அது நியாயம்தான். பள்ளியில் கிழியாத திரை ஒரு ஜோடி, சுற்றுகிற மின்விசிறி ஒன்று. அதிகாரி ஓர் அறையை விட்டு வாசல் வழியாக வெளியே வருவதற்குள் அவை பின்ஜன்னல் வழியாக அடுத்த அறைக்குப் போய் அமர்ந்துவிடும். லிபாஸில் ஆசிரியர் வேலைக்கு வருகிறவர் முதலில் கற்பது இதைத்தான். லொய்தா பாடகர்கள் குடிக்கும் இஞ்சித் தண்ணீரைக் கோப்பையில் ஊற்றி, அதற்குள் "ம்ம்" என்று முனகி, ஆவி போகாமல் உள்ளங்கையால் மூடி, பெர்பெத்துவாவின் வீட்டுக்குக் கொண்டுபோனார். பெர்பெத்துவா அதை வேண்டாவெறுப்பாகக் குடித்துவிட்டு, லொய்தாவின் வெண்கலக் குரலில் பேசிய முதல் வார்த்தை, "இஞ்சி ஜாஸ்தி."

அடுத்த மணி அடித்ததும் குரல் உரியவரிடம் திரும்பிவிடும் என்று தெரிந்துகொண்டார்கள். பாடவேளைக்கு ஒருவராக முறை வைத்துக்கொண்டார்கள். குரல் கொடுத்தவர் அந்த நேரத்தில் தன் வகுப்புக்கு எழுத்துப் பயிற்சி கொடுத்துவிட்டு ஊமையாக உட்கார்ந்திருப்பார். திமானோ சாருக்கு விசில் போதுமாக இருந்தது. திட்டிக்கொண்டே முறை தவறாமல் வந்தவரும் அவர்தான். லொய்தாவின் கணவர் மட்டும் மனைவியின் முறையை மாலைக்கு மாற்ற முடியுமா என்று விசாரித்ததாகக் கேள்வி.

எஸ்கோதா வந்தார். திரையும் மின்விசிறியும் அவருக்கு முன்னால் ஓடின. நாலாம் வகுப்பில் பெர்பெத்துவா திமானோவின் அடித்தொண்டையில் பின்னம் நடத்துவதைக் கேட்டார். மைதானத்தில் திமானோ விசிலால் மட்டுமே பதில் சொல்வதைப் பார்த்தார். உடனே மணி அடித்து எல்லோரையும் கூடத்துக்கு வரச் சொன்னார்.

"ஒவ்வொருத்தரா எழுந்து, அவங்கவங்க வாயால, பேரையும் சர்வீஸையும் சொல்லணும். எனக்குக் காது நல்லாவே கேக்கும்."

"சொல்லிடுவோம் சார். வந்தவங்க வயிறு காய்ஞ்சிருந்தா ஊருக்குத்தான் கெட்ட பேரு. மொதல்ல ரெண்டு வாய் சாப்பிடுங்க," என்றார் லொய்தா. அரிசி அடையை மறுத்தவர் அந்த மாகாணத்தில் எவருமில்லை. எஸ்கோதா மென்றுகொண்டிருக்கையில் இஞ்சித் தண்ணீர்க் கோப்பை ஆசிரியர் வரிசையில் கைமாறியது. இந்த முறை ஒருவரும் முறை பார்க்கவில்லை, எல்லோரும் முனகினார்கள். அவசரத்தில் ஒரு தவறு நடந்தது. கோப்பை அதிகாரியின் மேசைக்கும் போய்விட்டது. அடை தொண்டையில் சிக்க, அவர் அதற்குள்ளேயே இருமிவிட்டார்.

பெர்பெத்துவா அதை வாங்கி, மிச்சம் வைக்காமல் குடித்தார். எஸ்கோதா தொடங்கச் சொல்ல வாயைத் திறந்தார், காற்றுதான் வந்தது. பெர்பெத்துவா எழுந்தார். லொய்தாவின் குரலில் லொய்தாவின் பெயரையும் சர்வீஸையும் சொன்னார், திமானோவின் குரலில் திமானோவுடையதை. வரிசையில் ஒருவரும் விடுபடவில்லை. பிறகு யாருக்கும் பழக்கமில்லாத, கரகரத்த குரலொன்று அவர் வாயிலிருந்து தானாகவே வந்தது. "ருஃபினோ எஸ்கோதா. பிலார் தீவுப் பள்ளி, மூணாம் வகுப்பு. தகரக் கூரைதான். பதினெட்டு வருஷம்." எஸ்கோதா கையிலிருந்த அடையைக் கீழே வைத்தார்.

கடைசியில் பெர்பெத்துவாவின் முறை வந்தது. எல்லாக் குரல்களும் ஒன்றாய்ச் சேர்ந்து, ஜன்னல் திரை படபடக்க, "பெர்பெத்துவா குமபாவ். லிபாஸ் ஆசிரியர் சங்கம்," என்றன. அவர் சங்கத்தில் சேர்ந்தது அப்படித்தான். திமானோ சார் விசிலை இரண்டு முறை ஊதி அதை ஆமோதித்தார்.

எஸ்கோதா, குரல் போதுமானது என்று எழுதிக் கையெழுத்திட்டுவிட்டு, தன்னுடையது திரும்ப வருவதற்காக, பெர்பெத்துவா சொன்னபடி, அடுத்த மணி வரை மின்விசிறிக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். மணி அடித்தும் உடனே எழுந்து போகவில்லை. இன்னொரு அடை கேட்டார்.

பெர்பெத்துவாவின் சொந்தக் குரல் வரவேயில்லை; அவரும் தேடவில்லை. திங்கட்கிழமைக் கொடியேற்றத்தில் ஆசிரியர்கள் தொண்டைக்கு ஓய்வு கொடுத்து வாயை மூடி நிற்க, அவர் ஒருவரே எல்லோருடைய குரலிலும் தேசிய கீதம் பாடுகிறார், திமானோவின் சுருதி பிசகு உட்பட. ரொட்டி விற்பவர் வழக்கம்போல் சைக்கிளை நிறுத்தி, தொப்பியைக் கழற்றி நிற்கிறார். பாட்டு முடிந்ததும் தொப்பியைப் போட்டுக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போகிறார்.