ஒரு துணைக்கால் நீளம்

சுல்ஃபத் பஞ்சைப் பிய்த்து அத்தரில் நனைத்துக்கொண்டிருந்தாள். முற்றத்தில் ஆண்கள் அத்தாவைக் குளிப்பாட்டும் தண்ணீர்ச் சத்தம் கேட்டது. தம்பி ஷானவாஸ் ஈரக் கையோடு உள்ளே வந்து கதவைச் சாத்தினான்.

"அக்கா, நேத்து அத்தா என்ன சொன்னார்?"

அவள் கை நின்றது.

நேற்று மாலை ஆஸ்பத்திரியில் அத்தா பரீத் ராவுத்தருக்கு மூச்சு இழுக்கத் தொடங்கியபோது, தொண்டையில் குழாய் இறக்கி மெஷினில் போடலாம், நினைவு இருக்கும்போதே அவரிடம் கேட்டுவிடுங்கள் என்றார் டாக்டர். ஷானவாஸ் பக்கத்தில் நிற்க, சுல்ஃபத் குனிந்து கேட்டாள். மாஸ்க்குக்குள்ளிருந்து ஒரே ஒரு சொல் வந்தது. குழாய் வேண்டாம் என்ற படிவத்தில் அவள் கையெழுத்துப் போட்டாள். விடியும்போது எல்லாம் முடிந்தது.

"வேணாம்னார்."

"எனக்கு வேணம்னு கேட்டுச்சு."

மலையாளத்தில் வேணம் என்றால் வேண்டும். கொச்சங்காடியில் நாற்பது வருஷம் சாக்குக் கடை நடத்தியவர் அத்தா. கடையில் மலையாளம், வீட்டில் தமிழ். படுத்த பிறகு இரண்டும் கலந்துபோயிருந்தன. நேற்று மத்தியானம்கூட அவளிடமே 'வெள்ளம்' என்று கேட்டுத்தான் தண்ணீர் குடித்தார்.

"அப்பவே ஏன் பறயல?"

"நீ இதுக்குன்னே படிச்சவ. உன் காதுல விழுந்ததுதான் சரியா இருக்கும்னு விட்டுட்டேன்."

தோப்பும்படியில் காது பரிசோதிப்பதுதான் அவள் வேலை. கண்ணாடி அறைக்குள் ஹெட்போன் மாட்டியவர்கள் 'பா'வை 'தா' என்று திருப்பிச் சொல்வதைத் தினமும் குறித்துக்கொள்கிறவள். இரண்டுக்கும் வித்தியாசம், கண்ணிமைப்பதற்குள் ஒலியில் நடந்து முடிகிற ஒரு சின்ன வழுக்கல். காது அதைத் தவறவிட்டால், மனம் தான் எதிர்பார்த்ததைப் போட்டு நிரப்பிக்கொள்ளும். வருகிறவர்களிடம் அவளே சிரித்தபடி சொல்வதுதான் இது. மூச்சுத் திணறுகிறவர் வாயில் நெடில் குறுகிப்போயிருக்கலாம். குறில், இழுப்பில் நீண்டுமிருக்கலாம்.

"சொன்னாரா, இல்ல உனக்கு அப்படிக் கேட்டுச்சா?" என்றான் ஷானவாஸ்.

ஆஸ்பத்திரியில் அத்தாவுக்குப் பக்கத்துக் கட்டிலில் ஒருவர் குழாயோடு பதினெட்டு நாள் கிடந்தார். பிடுங்கிவிடாதிருக்கக் கைகளைக் கம்பியில் கட்டியிருந்தார்கள். அவள் அதைத் தினமும் பார்த்தாள். அத்தாவின் உதடு அசையும் முன்பே தான் எந்தச் சொல்லுக்குக் காத்திருந்தோம் என்பது அவளுக்குத் தெரியும்.

"தெரியலடா," என்றாள்.

வெளியே யாரோ பஞ்சு கேட்டார்கள். அவள் தட்டை நீட்டினாள். அவன் அவள் முகத்தைப் பார்க்காமல் வாங்கிக்கொண்டு போனான்.

லுஹர் தொழுகைக்கு முன்பே அத்தாவைக் கிடத்திய சந்தூக்கைத் தூக்கினார்கள். பெண்கள் வாசலோடு நின்றார்கள். சந்தில் அரிசி லாரி ஒன்று வழியை அடைத்து நின்றது. சுமைக்காரர்கள் மூட்டைகளை இறக்கி வைத்துவிட்டுச் சுவரோடு ஒதுங்கினார்கள். டிரைவர் எஞ்சினை அணைத்தார். ஷானவாஸின் தோள் லாரியை உரசிக்கொண்டு கடந்தது. கலிமா சொல்லிப்போகும் குரல்கள் திருப்பத்தில் தேய்ந்து மறைந்ததும், சுமைக்காரர்களில் ஒருவர் குனிந்து முதல் மூட்டையை முதுகில் ஏற்றினார்.