நாற்பத்தோராம் பக்கம்

மாணவிகள் மூவரும் தங்கள் ஆசிரியை பாலாம்பிகையின் பின்னால் மடுல்கெல்லைத் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயங்களுக்கு ஏறி வந்தபோது, பெண்கள் கொழுந்து நிறுத்துப் போட்டுவிட்டுப் மலையிலிருந்து விழும் பீலித் தண்ணீரில் கால் கழுவிக்கொண்டிருந்தார்கள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்து மூன்று, சித்திரை மாதம். ஒரு மாணவி நோட்டுப் புத்தகத்தைத் திறந்து, முன்னால் நின்றவளிடம் பிள்ளைகள் எத்தனை என்று கேட்டாள்.

“எல்லாம் நல்லாத்தாம்மா இருக்கு,” என்றாள் அவள். பிரசவத்துக்கு யார் வருகிறார்கள் என்று கேட்டதற்கும் அதே பதில்தான். அடுத்தவளும் அதையே சொன்னாள். பாலாம்பிகைக்கு ஒன்றும் புரியவில்லை. இந்தப் பெண்கள் அவளிடம் இப்படிப் பேசியவர்கள் அல்ல.

பாலாம்பிகை யாழ்ப்பாணத்துக் கோப்பாயைச் சேர்ந்தவள். லண்டனில் சமூக சேவைப் படிப்பை முடித்து வந்து, கண்டியில் ஒரு மாதர் சங்கம் நடத்திய வகுப்பில் கற்பித்தாள். ஏழைகளின் வீட்டுக்குள் எப்படி நுழைவது, என்ன கேட்பது, கேட்டதை எப்படி எழுதுவது என்பதுதான் பாடம். தகப்பன் பார்த்த சம்பந்தத்தை மறுத்துக் கப்பலேறிய நாளிலிருந்து அவர் அவளுக்கு ஒரு வரி எழுதவில்லை. வாவிக்கு மேலே ஒரு வாடகை அறை. ஞாயிற்றுக்கிழமை முழுவதும் வாய் திறக்க ஆளில்லாமல், திங்கள் காலை வகுப்பில்தான் முதல் வார்த்தை பேசுவாள்.

தோட்டத்துத் துரையின் அனுமதிக் கடிதத்தோடு இரண்டு வருடம் இந்த லயங்களுக்கு வந்து போனாள். இங்கே அவளை முதலில் உட்காரச் சொன்னவள் ராக்கம்மா. திருச்சிப் பக்கம் கட்டிய புருஷன் கொள்ளிக்கட்டையால் கையில் சுட்டதையும், அவனை விட்டுக் கடல் தாண்டி வந்து இங்கே வேறொருவரோடு குடும்பம் நடத்துவதையும், மகள் சுந்தரி இவருக்குப் பிறந்தவள் என்பதையும் ஒரு மாலையில் சொன்னாள். அன்றைக்குப் பாலாம்பிகையும் தன் கதையைச் சொன்னாள். லண்டனில் ஒருவரை விரும்பினாள். அவருக்கு மனைவி இருந்தது தெரிந்த பிறகும் ஆறு மாதம் அவரை விட முடியவில்லை. அதை வேறு யாரிடமும் அவள் சொன்னதில்லை.

தோட்டப் பெண்களைப் பற்றிய அவளுடைய நூல் போன வருடம் வெளிவந்தது. கொழும்பிலிருந்து பாராட்டுக் கடிதங்கள் வந்தன. எல்லோரும் எடுத்துக்காட்டியது நாற்பத்தோராம் பக்கத்தைத்தான். ஒரு பிரதியைக் கோப்பாய்க்கும் அனுப்பியிருந்தாள். பதில் வரவில்லை.

ராக்கம்மா குடத்தை இறக்கி வைத்துவிட்டுச் சற்றுத் தள்ளி வந்து நின்றாள்.

“சுந்தரி கல்யாணம் நின்னு போச்சுங்க.”

“ஏன்?”

“ஆபீசு கிளாக்கரய்யா ஒங்க பொஸ்தகத்தப் பெரிய கங்காணிக்குப் படிச்சுச் சொன்னாராம். மாப்புள கங்காணியய்யா தங்கச்சி மகன்.”

“நான் பேர் போடேல்லையே, ராக்கம்மா.”

“பேரு போடல. புருஷன விட்டு வந்தவ, கையில சூட்டுத் தழும்புன்னு நாப்பத்தோராம் பக்கத்துல போட்டிருக்கீங்களாம். இந்தத் தோட்டத்துல அது எனக்கு மட்டுந்தானேங்க.”

அவள் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் பதில் சொல்வது எளிதாக இருந்திருக்கும். குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, “நீங்க சொன்னத நா யாருகிட்டயும் சொல்லலம்மா. எங்க வீட்டு ஆளுகிட்டகூட,” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மறுநாள் பாலாம்பிகை தனியாகப் பெரிய கங்காணியின் வீட்டுக்குப் போனாள். அவர் கதிரை போட்டு உட்காரச் சொன்னார்.

“நீங்க எழுதுனது பொய்யின்னா சொல்லுங்க டீச்சரம்மா. கல்யாணத்த நானே முடிச்சு வைக்கிறேன்.”

அந்த நூலில் ஒரு வரியாவது அவள் கேட்காமல், பார்க்காமல் எழுதியதில்லை. வகுப்பில் முதல் நாள் அவள் சொல்லித் தருவதும் அதைத்தான்.

“ஓம், அது பொய்தான்,” என்றாள். “நான் கதை கட்டி எழுதினது.”

“வாயால சொன்னா சனம் கேக்காது. எழுதிக் குடுங்க.”

எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள்.

கங்காணி சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். ஆவணியில் கல்யாணம் நடந்தது. பாலாம்பிகைக்கு அழைப்பு வரவில்லை. அவள் கொடுத்த கடிதம் மட்டும் தோட்டத்து ஆபீஸ் வழியாகக் கண்டிக்கு வந்து சேர்ந்தது. சங்கத்துப் பெண்கள் அவளை மரியாதையாகவே அழைத்து, இது உங்கள் கையெழுத்துத்தானா என்று கேட்டார்கள். ஆம் என்றாள். காரணம் சொன்னால் ராக்கம்மாவின் பெயரைச் சொல்ல வேண்டியிருக்கும். வகுப்பு வேறொருவர் கைக்குப் போனது. பாலாம்பிகை வத்துகாமத்தில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் கீழ் வகுப்புக்கு இங்கிலீஷ் சொல்லிக் கொடுக்கப் போனாள். மாணவிகளில் ஒருத்தி சில வாரம் கடிதம் எழுதினாள். பிறகு அதுவும் நின்றது.

ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, துரையின் கடிதமோ நோட்டுப் புத்தகமோ இல்லாமல், மடுல்கெல்லைக்கு பஸ் ஏறினாள். என்ன பேசுவதென்று வழி நெடுக யோசித்தும் ஒன்றும் பிடிபடவில்லை. லயத்தடிக்கு வந்தபோது மழை வலுத்துவிட்டது. வெளியே ஒருவரும் இல்லை. ராக்கம்மா வீட்டுக் கதவு பாதி திறந்திருந்தது. ஈர விறகின் புகை அந்த இடைவெளியால் வந்து மழைக்குள் கரைந்துகொண்டிருந்தது. புகை போவதற்காகத்தான் திறந்து வைத்திருக்கிறார்களோ, தன்னைக் கண்டுவிட்டுத்தான் மூடாமல் இருக்கிறார்களோ என்று அவளுக்குத் தெரியவில்லை. உள்ளே யாரோ இருமினார்கள். பாத்திரம் ஒன்றை நகர்த்தும் ஓசை கேட்டது. பாலாம்பிகை குடையை மடக்காமல், கூரைத் தகரத்திலிருந்து விழும் தண்ணீருக்கு இப்பால் நின்றாள்.