பெண்கள் நேரத்தில் ஒரு குரல்

பொதுக் குளியல்கூடத்தில் நஸீஹாவின் முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்த சிநேகிதி மப்ரூகாவின் கை சட்டென்று நின்றது.

“வாசல்ல யாரோ உன்னக் கூப்பிடுறாங்கடீ.”

ஆவி மூட்டத்துக்குள் நஸீஹா தலையைத் திருப்பினாள். கூரையிலிருந்து தண்ணீர் சொட்டும் சத்தம் மட்டும் கேட்டது.

“எனக்கு ஒண்ணும் கேக்கலையே.”

“ஆம்பளக் குரல். ‘நஸீஹா’ன்னு தெளிவா. பொம்பளைங்க குளிக்கிற நேரத்துல எந்த வெக்கங்கெட்டவன் வந்து நிக்கிறான்?” இடுப்புத் துணியை இறுக்கிக்கொண்டு மப்ரூகா வெளியே போனாள். திரும்பி வந்தபோது அவள் முகம் ஒரு மாதிரி இருந்தது. “சந்துல ஈ காக்கா இல்ல.”

தம்பி ஃபவுஸியாக இருக்கும் என்று நஸீஹா நினைத்தாள். தலைநகரத்தில் இருப்பவன், பெருநாளுக்கு மட்டும் சொந்த ஊரான கைருவானுக்கு வருகிறவன். ஏதாவது ஆகவேண்டி வந்திருப்பான்.

“காத்திருக்கட்டும். நீ இன்னும் கொஞ்சம் சுடுதண்ணி ஊத்து.”

குளியல்கூடத்தில் இப்படி உட்கார்ந்து எத்தனையோ வருஷமாகிவிட்டது. அம்மா போனபிறகு வீட்டில் அவளும் கடைசித் தம்பி தையிபும்தான். நாற்பதைக் கடந்தவன். பிறந்ததிலிருந்து நடந்ததில்லை, ஒரு வார்த்தை பேசியதில்லை. பசித்தால் ஒரு முனகல், மகிழ்ந்தால் ஒரு சிரிப்பு. ஊட்டுவது, துடைப்பது, புரட்டிப் படுக்கவைப்பது எல்லாம் நஸீஹாதான்.

இப்படிப்பட்டவர்களைப் பார்த்துக்கொள்கிறவர்கள் கொஞ்சம் மூச்சுவிட்டு வரட்டும் என்று, அவர்கள் இடத்தில் வந்து உட்காரும் ஆட்கள் ஊரில் இருந்தார்கள். கூலி வாங்குவதில்லை. “அடுத்தவங்க கையால அவன் சாப்பிடமாட்டான்” என்று நஸீஹா தட்டிக்கழித்துக்கொண்டே இருந்தாள். கடைசியில் நவ்ஃபல் வந்தான். டாக்ஸி ஓட்டுகிறவன். அவன் தங்கையும் தையிபைப் போலத்தானாம். அவளைச் சுமந்து சுமந்து அவனுடைய அம்மா ஒருநாள் அடுப்படியிலேயே சரிந்துவிட்டாள். “எங்கம்மாவ ஒரு மத்தியானம்கூட யாரும் வெளிய அனுப்பலக்கா” என்றான். முதல் நாள் தையிப் அவன் சட்டையில் கஞ்சியைத் துப்பினான். நவ்ஃபல் சிரித்தான். தையிபும் சிரித்தான்.

இன்றுதான் அவனை நம்பி இவ்வளவு தூரம் வந்திருந்தாள்.

வீடு திரும்பியபோது நவ்ஃபல் வாசலில் நின்றான். முதலில் அவள் கையிலிருந்த வாளியை வாங்கிக்கொண்டான்.

“உள்ள வாங்கக்கா. மொதல்ல உக்காருங்க.”

தையிப் கட்டிலில் மல்லாந்து கிடந்தான். கண்கள் மூடப்பட்டிருந்தன. தலை வாரிவிடப்பட்டிருந்தது. கன்னத்தில் இன்னும் சூடு இருந்தது.

“ஆம்புலன்ஸ்ல வந்து பாத்துட்டாங்க. முடிஞ்சுடுச்சுன்னு சொல்லிட்டாங்க. உங்களுக்குச் சொல்லலாம்னா, ஃபோன இங்கயே வச்சுட்டுப் போயிருந்தீங்க.”

“வலியில கத்தினானா?”

“ஒரு சத்தமும் இல்லக்கா. உதடு மட்டும் அசைஞ்சுது, ஏதோ சொல்லிப் பழகுற மாதிரி. திரும்பத் திரும்ப ஒரே மாதிரி. வாய்கிட்ட காத வச்சுப் பாத்தேன், வெறும் காத்துதான் வந்துச்சு. அப்புறம் அதுவும் நின்னுபோச்சு.”

ஈரக் கூந்தலிலிருந்து அவள் முதுகில் தண்ணீர் இறங்கியது. அது எந்த நேரம் என்று அவள் கேட்கவில்லை.

மறுநாள் காலை ஃபவுஸி வந்தான். வந்ததும், கூடியிருந்தவர்கள் முன்னால் குரலை உயர்த்தினான். “எவனோ ஒரு டாக்ஸிக்காரன்கிட்ட விட்டுட்டுக் குளிக்கப் போயிருக்க. சொந்த ரத்தம் நான் ஒருத்தன் இல்லையா?”

நவ்ஃபல் எழுந்து செருப்பைத் தேடினான்.

“நீ உக்காரு நவ்ஃபல்,” என்றாள் நஸீஹா. பிறகு தம்பியைப் பார்த்தாள். “அவன் எந்தப் பக்கம் படுத்தா அவனுக்கு மூச்சு வரும்? சொல்லு ஃபவுஸி.”

ஃபவுஸி தோளிலிருந்த பையைக் கீழே இறக்கிவைத்தான்.

“தையிபக் கொண்டுபோற சந்தூக்க நவ்ஃபலும் தூக்கட்டும். முன்னால நிக்கட்டும்.”

அப்படியே எடுத்துப்போனார்கள்.

அடக்கம் முடிந்து சில நாள் கழித்து மப்ரூகா துக்கம் கேட்க வந்தாள். முற்றத்தில் பெண்கள் காப்பிக் கோப்பைகளோடு உட்கார்ந்திருந்தார்கள். இரவல் வாங்கிய நாற்காலிகளை நவ்ஃபல் சுவரோரம் அடுக்கிக்கொண்டிருந்தான். மப்ரூகா நஸீஹாவின் கையைப் பிடித்தவள் விடவேயில்லை. ஆனால் அவள் கண்ணைப் பார்க்கவுமில்லை.

“அன்னைக்குக் கேட்டுச்சே ஒரு குரல்,” என்றாள் நஸீஹா மெதுவாக. “கோவமா இருந்துச்சா?”

“அத எதுக்குடீ இப்ப…”

“சொல்லு.”

“கோவம் இல்ல. அவசரமும் இல்ல.” என்றாள் மப்ரூகா. “நல்ல குரல்டீ. பாடுறவங்க குரல் மாதிரி.”

“அதே மாதிரி ஒரு தடவ கூப்பிடு.”

“நஸீஹா, வேணாம்.”

“ஒரே ஒரு தடவ.”

பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். மப்ரூகா தலையைக் குனிந்து, தொண்டையைத் தாழ்த்தி, அந்தப் பெயரைக் கூப்பிட்டாள். அது அவள் குரலாக இல்லை. நாற்காலியோடு நின்ற நவ்ஃபல் திரும்பி, தையிப் படுத்திருந்த அறையைப் பார்த்தான்.

நஸீஹா எழுந்து நின்றிருந்தாள். மடியிலிருந்த கோப்பை கவிழ்ந்து, காப்பி பாயில் பரவிக்கொண்டிருந்தது. யாரோ அவள் உடையின் நுனியைப் பிடித்து இழுத்தார்கள். அவள் உட்காரவில்லை.